அமர்ந்தோர் அறியாத கலைஞர் - ஈனிட் மார்க்ஸ்

1930களின் இறுதியாண்டுகளில் இலண்டன் மாநகரின் பாதாள இரயிலில் ஏறி அமர்ந்த பயணி ஒருவர், தாம் ஓர் ஓவியரின் படைப்பின்மீது அமர்ந்திருக்கிறோம் என்பதை அறிந்திருக்க மாட்டார். அவர் கையில் நாளிதழ் இருந்திருக்கும்; மனத்தில் அலுவலகக் கவலை இருந்திருக்கும். இருக்கையில் போர்த்தியிருந்த தடித்த கம்பளித் துணியின் பூவேலையை அவர் ஒருகணம் நோக்கியிருக்கலாம்; நோக்காமலும் இருந்திருக்கலாம். அத்துணிகளுள் சிலவற்றை வரைந்தவர் ஈனிட் மார்க்ஸ் என்னும் பெண்மணி. மரச்செதுக்குக் கலைஞராகவும் துணி அச்சிடுநராகவும் நூல் அட்டை, அஞ்சல்தலை ஆகியவற்றின் வடிவமைப்பாளராகவும் விளங்கி, 95 ஆண்டுகள் வாழ்ந்து 1998ஆம் ஆண்டில் மறைந்தவர். அவர்தம் கலைவாழ்வை இக்கட்டுரையில் ஒருவாறு காண முற்படுகின்றோம்.

தமிழ்த்துறையின் மலரில் ஆங்கிலப் பெண்ணொருவரின் பூவேலைக்கு என்ன இடம் என்று சான்றோர் வினவக்கூடும். வினா நியாயமானதே. நம் மாணவியருள் படம் வரையும் திறன் வாய்ந்தோர் பலர் உள்ளனர். அத்திறன் கைக்குட்டையிலும் தலையணை உறையிலும் மருதாணி இட்ட கையிலுமே நின்றுவிடுகிறது. 'இதெல்லாம் கலையா சார்?' என்று அவர்களே நம்மிடம் கேட்கின்றனர். அவ்வினாவிற்கு விடை கூற முனைந்தபோது நமக்குக் கிடைத்த வாழ்க்கை இது.

பிறப்பும் கல்வியும்

1902ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் இலண்டனில் ஈனிட் பிறந்தார். தந்தையார் இராபர்ட் மார்க்ஸ் காகிதத் தொழிலோடு தொடர்புடைய பொறியாளர். காரல் மார்க்ஸின் தூரத்து உறவினர் இக்குடும்பத்தார் என்பர். தோழர்களும் இவரை 'மார்க்கோ' என்றே அழைத்தனர். சிறுமியாக இருந்தபோதே துணிக்கடைகளிலிருந்து நாடாத் துண்டுகளைக் கேட்டு வாங்கிச் சேர்த்து வைக்கும் பழக்கம் இவருக்கு இருந்தது. பிற்காலத்தில் இவர் எதைச் செய்தாலும் அந்த நாடாப் பெட்டியின் நினைவு அதில் இருப்பதாகவே நமக்குத் தோன்றுகிறது.

இலண்டனின் சென்ட்ரல் கலைப்பள்ளியில் சிறிது காலம் பயின்றபின், 1922ஆம் ஆண்டில் அரசு கலைக்கல்லூரியின் ஓவியப் பிரிவில் சேர்ந்தார். அக்காலத்து அக்கல்லூரி ஒரு நல்விளைநிலம். எரிக் ரவிலியஸ், எட்வர்டு பாடன், பின்னாளில் உலகறிந்த சிற்பியான ஹென்றி மூர் ஆகியோர் அங்கே பயின்று கொண்டிருந்தனர். போர்க்கள ஓவியங்களால் புகழ்பெற்றிருந்த பால் நாஷ் பகுதிநேர ஆசிரியராக வந்து சென்றார். இவரே மாணவரின் கண்ணைத் திறந்தவர். ஓவியம் என்றால் சட்டமிட்டுச் சுவரில் மாட்டுவது என்றிருந்த எண்ணத்தை மாற்றி, நூலின் அட்டையும் துணியின் கரையும் ஓவியரின் களங்களே என்று இவர் காட்டினார்.

ஈனிட் மரச்செதுக்குக் கலையைக் கற்க விரும்பினார். செதுக்குப் பிரிவின் தலைவர் சர் பிராங்க் ஷார்ட். அவர் இம்மாணவியின் வரைதிறன் போதாது என்று கூறி வகுப்பில் சேர்த்துக்கொள்ள மறுத்துவிட்டார். உடன்பயின்ற ரவிலியஸ் ஒரு வழி கண்டார். வகுப்பு முடிந்து ஆசிரியர் சென்றபின், மாலை வேளையில் ஈனிட்டை அறைக்குள் அழைத்துச் சென்று, தாம் கற்றதை அவருக்குக் கற்பித்தார். இங்ஙனம் பின்வாயில் வழியே நுழைந்தவரே பிற்காலத்தில் அக்கலையில் நிலைத்த பெயர் பெற்றார். கற்பித்த ரவிலியஸோ இரண்டாம் உலகப்போரில் போர்க்கள ஓவியராகச் சென்று, 1942ஆம் ஆண்டில் ஐஸ்லாந்துக்கு அப்பால் வானூர்தியோடு காணாமற்போனார்.

மரச்செதுக்கு என்பது யாது என்பதை ஈண்டு விளக்குதல் தகும். மரத்தை நெடுக்கு வாட்டில் அறுத்தால் கிடைப்பது பலகை. அதில் கத்தி கொண்டு வெட்டினால் மரத்தின் நாரோட்டம் கத்தியை இழுக்கும், கோடு தடிக்கும். மரத்தைக் குறுக்கு வாட்டில் அறுத்தால் நாரின் முனைகள் மட்டும் மேலே தெரியும் இறுகிய பரப்புக் கிடைக்கும். அதில் எத்திசையிலும் உளியை ஓட்டலாம். தலைமயிர் போன்ற கோட்டையும் இடலாம். இதற்கு உகந்தது பாக்ஸ் என்னும் மரம். அது மெல்ல வளரும் சிறுமரமாதலின் பெரிய கட்டை கிடைப்பதில்லை. துண்டுகளை ஒட்டித்தான் பெரிதாக்க வேண்டும். உளி பட்ட இடம் பள்ளமாகி மையேற்காமல் வெண்மையாக நிற்கும். படாத இடம் கருமையாகப் பதியும். ஆகவே இக்கலைஞர் வெள்ளைத் தாளில் கருங்கோடு இழுப்பதில்லை. இருளிலிருந்து ஒளியைச் சிறிது சிறிதாக வெளிக்கொணர்கிறார். கட்டையை அச்செழுத்தின் உயரத்திற்கே அமைப்பதால் எழுத்தோடு ஒருசேரப் பூட்டி அச்சிடலாம் என்பது மற்றொரு வசதி. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நியூகாசிலில் வாழ்ந்த தாமஸ் பியூவிக் இதனைப் பெருங்கலையாக்கினார். ஈனிட் போன்றோர் அதனை 20ஆம் நூற்றாண்டிற்கு உரியதாக்கினர்.

1925ஆம் ஆண்டில் இறுதித் தேர்வு வந்தது. ஈனிட் தோற்றார். அவர் படைப்புகள் அளவுக்கு மீறி அருவத்தன்மை கொண்டவை என்பது தேர்வாளர் கருத்து. உருவத்தைக் காட்டிலும் வடிவத்தின் அடுக்கிலும் ஒழுங்கிலும் அவர் மனம் ஈடுபட்டிருந்ததே குற்றமாகக் கொள்ளப்பட்டது. விடைத்தாள் திருத்தும் முகாம்களில் பல்லாண்டு அமர்ந்தவர் என்ற முறையில் நமக்கு இச்செய்தி சற்று உறுத்தவே செய்கிறது. எதிர்பார்த்த விடையை எழுதாத தாளைக் கண்டவுடன் நம் சிவப்பு மை எத்துணை விரைவாக ஓடுகிறது என்பதை நாம் அறிவோம். அரை நூற்றாண்டிற்கும் மேலாகிய பின்னர் அதே கல்லூரி இவருக்கு மதிப்புறு சிறப்பு அளித்தது. அப்போது அவர் முதுமையில் இருந்தார். தேர்வாளர் எவரும் உயிரோடு இருந்திருக்க வாய்ப்பில்லை.

சாயப்பட்டறை

பட்டயமின்றி வெளிவந்த ஈனிட், இலண்டனின் ஹாம்ப்ஸ்டெட் பகுதியில் துணி அச்சிட்டுக் கொண்டிருந்த பிலிஸ் பேரன், டாரதி லார்ச்சர் என்னும் இரு பெண்களிடம் பயிற்சியாளராகச் சேர்ந்தார். கல்லூரி கொடுக்காததை இப்பட்டறை கொடுத்தது என்பது நம் துணிபு.

பேரன் அம்மையாரிடம் பிரான்சிலிருந்து கிடைத்த பழைய அச்சுக்கட்டைகள் சில இருந்தன. அவற்றைக் கொண்டு எங்ஙனம் அச்சிடுவது என்று கற்பிக்க அக்காலத்தில் ஆளில்லை. ஆலைகளின் செயற்கைச் சாயங்கள் பழைய அறிவை அழித்துவிட்டன. பேரன் நூலகங்களில் பழைய சாயநூல்களைத் தேடிப் படித்தார். அடுப்பில் கொதிக்க வைத்தும் கெடுத்தும் மீண்டும் செய்தும் கற்றார். அவுரி, மஞ்சிட்டி, காசுக்கட்டி, இரும்புத்துரு ஆகியனவே அவர்தம் வண்ணப்பெட்டி. அவுரியில் தோய்த்த நீலத்துணியின்மீது நைட்ரிக் அமிலம் கலந்த பசையைக் கட்டையால் ஒற்றினால், ஒற்றிய இடத்தில் நீலம் அகன்று வெண்மை தோன்றும். மரச்செதுக்கில் உளி செய்த வேலையையே இங்கே அமிலம் செய்தது எனலாம்.

இவ்விடத்தில் நம் கடற்கரையை நினையாதிருக்க இயலவில்லை. மஞ்சிட்டியும் அதனை ஒத்த சாயவேரும் தாமாகத் துணியில் நிலைத்துப் பற்றுவதில்லை. முதலில் படிகாரம் போன்ற ஒரு பொருளைத் துணியில் ஏற்ற வேண்டும். நிறத்திற்கும் நூலுக்கும் இடையே நின்று இரண்டையும் பிணைப்பதால் இதனை நிறமூன்றி என்பர். படிகாரம் ஏற்றிய இடம் சிவக்கும். இரும்பு ஏற்றிய இடம் கறுக்கும். ஒன்றும் ஏற்றாத இடம் கழுவியபின் வெளுக்கும். இந்நுட்பத்தைச் சோழமண்டலக் கரையின் சாயக்காரர்கள் எத்தனையோ தலைமுறைகளாகக் கையாண்டு வந்தனர். வெளுத்தாலும் மங்காத அத்துணிகளைக் கண்டு இங்கிலாந்து மயங்கியது. மயக்கம் மிகவே, தம் நாட்டு நெசவாளர் வாழ வேண்டும் என்று 1700ஆம் ஆண்டிலும் 1721ஆம் ஆண்டிலும் தடைச்சட்டங்களை அந்நாடு இயற்றியது. பின்னர் அந்நாடே பூத்துணி அச்சிடும் ஆலைகளால் உலகை நிரப்பியது. அந்த ஆலைகள் மறந்த பழைய முறையை இரண்டு பெண்கள் அடுப்பங்கரையில் மீண்டும் கண்டுபிடித்தனர் என்பது வரலாற்றின் வேடிக்கைகளுள் ஒன்று.

லார்ச்சர் அம்மையாருக்கு இந்தியாவோடு நேரடித் தொடர்பும் உண்டு. ஹெரிங்காம் சீமாட்டி அஜந்தாக் குகை ஓவியங்களைப் படியெடுத்தபோது உடனிருந்து வரைந்தவர்களுள் அவரும் ஒருவர். வங்கத்திலிருந்து வந்த நந்தலால் போஸ் முதலானோரும், ஹைதராபாத்திலிருந்து வந்த சையத் அஹ்மத், முஹம்மத் பஸ்லுத்தீன் என்னும் ஓவியரும் அப்பணியில் ஈடுபட்டனர். புத்தரின் பிறவிக் கதைகளைத் தீட்டிய சுவரின் முன்னே, பல சமயத்தவரும் பல நாட்டவரும் தூரிகையோடு அமர்ந்திருந்த காட்சியை எண்ணிப் பார்க்க இனிமையாக உள்ளது.

ஈனிட் இங்கே அச்சுக்கட்டை வெட்டவும் சாயம் காய்ச்சவும் துணியைக் கழுவவும் கற்றார். 1927ஆம் ஆண்டில் தனிப்பட்டறை தொடங்கினார். 1939ஆம் ஆண்டு வரை பன்னிரண்டு ஆண்டுகள் அது நடைபெற்றது.

கட்டையால் துணியில் அச்சிடுவது பார்வைக்கு எளிது. பலகைமேல் துணியை விரித்து, கட்டையில் சாயம் தொட்டு, ஒற்றி, தட்டி எடுக்க வேண்டும். இடர்ப்பாடு கட்டையின் ஓரத்தில் இருக்கிறது. ஒரு கட்டையின் வலப்பக்கம் முடியும் கோடு அடுத்த ஒற்றின் இடப்பக்கத்தில் தொடர வேண்டும். மேல் முடிவது கீழே தொடங்க வேண்டும். தனித்துப் பார்க்கையில் அழகாயிருக்கும் பூ, நூறு முறை அடுக்கியபின் பூக்களுக்கு இடையே வேண்டாத ஒரு வெள்ளைச் சந்தைத் தோற்றுவித்துவிடும். கண் பூவை விட்டுச் சந்தையே பற்றிக்கொண்டு ஓடும். ஆகவே பூவை வரைபவர் பூவற்ற இடத்தையும் சேர்த்தே வரைய வேண்டும். சீரும் தளையும் கற்பிக்கும் நமக்கு இது புரியாததன்று. ஒரு சீர் எத்துணை அழகாயினும் அடுத்த சீரோடு தளை தட்டினால் செய்யுள் நில்லாது. ஈனிட்டின் வலிமை இத்தளையில்தான் இருந்தது. கோடு, புள்ளி, அலை, இலை, கட்டம் என மிக எளிய கூறுகளை எடுத்துக்கொண்டு, ஒற்றும் கையின் சிறுநடுக்கம் தெரியும்படி விட்டு, துணி முழுதும் மூச்சு விடுவதுபோல் அமைத்தார்.

முரியல் ரோஸ் அம்மையார் இலண்டனில் நடத்திய 'லிட்டில் கேலரி' என்னும் கடை போன்றவற்றில் இத்துணிகள் விலைபோயின. கையால் செய்தவையாதலின் விலை மிகுதி. வாங்கியோர் வசதி படைத்தோர். இஃது இவ்வகைக் கைத்தொழில் இயக்கங்களுக்கெல்லாம் உள்ள குறை. எளிய மக்களின் வாழ்வில் அழகு வேண்டும் என்று தொடங்கப்படும் தொழில், எளியவர் தொடமுடியாத விலையில் வந்து நின்றுவிடும். ஈனிட்டும் இதனை உணராதவரல்லர் என்பதற்கு அவர் அடுத்து ஏற்ற பணிகளே சான்று. இக்காலத்திலேயே கர்வன் அச்சகத்திற்கு நூல்கட்டும் பூத்தாள்களையும், சாட்டோ அண்டு விண்டஸ் பதிப்பகத்தார்க்கு நூல் உறைகளையும் அவர் வரைந்தளித்தார். சில காசுக்கு வாங்கும் நூலின் மேலட்டையிலும் அவர் கைவண்ணம் வந்து சேர்ந்தது.

இரயில் இருக்கை

இலண்டன் பயணியர் போக்குவரத்து வாரியத்தின் உயரலுவலர் பிராங்க் பிக் என்பவர், சுவரொட்டி, எழுத்துரு, நிலைய முகப்பு, இருக்கைத் துணி ஆகிய யாவற்றிலும் நல்ல ஓவியரின் கை இருக்க வேண்டும் என்று கருதியவர். 1937ஆம் ஆண்டில் வாரியம் ஈனிட்டை அழைத்தது. வேண்டியது மொகெட் என்னும் துணிக்கான வடிவமைப்பு. வெல்வெட்டைப் போன்று நூல்முனைகள் நிமிர்ந்து நிற்கும் தடித்த கம்பளி நெசவு அது. சில இடங்களில் நூல்வளையத்தை அறுத்தும் சில இடங்களில் அறுக்காமலும் விடுவதால், ஒரே நிறமே இரு சாயலாகத் தோன்றும். ஜக்கார்டுத் தறியில் நெய்யப்படும், ஆண்டுக்கணக்கில் உழைக்கும்.

இப்பணியில் ஓவியருக்கு இடப்பட்ட நிபந்தனைகளை நோக்குங்கால் வியப்பு மேலிடுகிறது. முதலாவது, துணி அழுக்கானாலும் அழுக்காகத் தோன்றக்கூடாது. சுண்ணாம்பும் செங்கற்பொடியும் படிந்த உடையோடு கொத்தனார் அமர்ந்து எழுந்தபின்னும் அடுத்து வருபவர்க்கு அது புதியதாகவே காட்சியளிக்க வேண்டும். மெல்லிய வெளிர் நிறங்கள் இங்கே பயனற்றவை. அடர்நிறமும் வெளிர்நிறமும் வலிமையாக மாறி மாறி வந்தால்தான் கறை அவற்றுள் ஒளிந்து கொள்ளும். ஆனால் அங்கே இரண்டாவது நிபந்தனை குறுக்கிடுகிறது. அவ்வாறு வலிய கோடுகளை நெருக்கி அடுக்கினால், குலுங்கி ஓடும் வண்டியில் எதிர் இருக்கையை நோக்குபவர்க்குக் கண் கூசும், தலை சுற்றும். கறையை மறைக்கும் அளவிற்கு வன்மையும் கண்ணை வருத்தாத அளவிற்கு மென்மையும் ஒருங்கே வேண்டும். மூன்றாவதாக, கட்டையில் இழுத்த வளைகோட்டை ஊடும் பாவும் அப்படியே ஏற்காது. தறிக்கேற்பப் படிக்கட்டாக உடைத்துத் தர வேண்டும். ஆலைக்குச் சென்று தறியின் இயல்பை அறிந்து தம் கைப்பழக்கத்தையே அவர் மாற்றிக்கொள்ள நேர்ந்தது. 'கேடயம்' எனப் பொருள்படும் பெயருடைய அவருடைய வடிவமைப்பு இவ்வகையில் பெயர் பெற்றது. பால் நாஷும் மரியன் டார்னும் இவ்வாரியத்திற்கு வரைந்தளித்தோருள் அடங்குவர். கல்லூரியில் ஆசிரியராக இருந்தவரும் தேர்வில் தோற்ற மாணவியும் ஒரே இருக்கை வரிசைக்கு வரைந்தனர் என்க.

ஓவியரின் விருப்பத்திற்கு இத்தனை தளைகள் இட்டபின் அதனைக் கலையென்று கூறலாமோ என்பார்க்கு, வெண்பா இயற்றுவாரைக் கேட்டுப் பார்க்குமாறு கூறுவோம்.

போர்க்காலம்

1939ஆம் ஆண்டில் போர் வந்தது; துணி கிடைக்காது பட்டறை நின்றது. இக்காலத்தில் பிரித்தானியாவின் பழங்கட்டடங்களைக் குண்டுவீச்சில் அழியுமுன் வரைந்து வைக்கும் அரசுத் திட்டத்தில் ஈனிட் பங்கேற்றார். சிறுவர்க்காகக் கதைகளும் எழுதிப் படமும் வரைந்தார். வானில் கட்டியிருந்த காவல் பலூன் ஒன்றைக் கதைத் தலைவனாக்கிய 'பல்ஜி' என்னும் சிறுநூல் 1941ஆம் ஆண்டில் வெளிவந்தது. தாள் பஞ்சம் நிலவிய காலமாதலின் இவை உள்ளங்கையளவான நூல்கள்.

அவர் வாழ்வின் பெரும்பணி என நாம் கருதுவது இதன்பின் வந்தது. மரமும் நூலும் அருகிப்போன அந்நாளில், அரசு குறிப்பிட்ட சில மாதிரிகளில் மட்டுமே வீட்டுப் பொருள்கள் செய்யப்பட வேண்டும் என்று வணிக வாரியம் ஆணையிட்டது. 'யுடிலிட்டி' எனப்பட்ட இத்திட்டத்தின் நாற்காலியையும் மேசையையும் எவரும் விரும்பியவாறு வாங்கிவிட முடியாது. புதிதாக மணம் புரிந்தோர்க்கும் குண்டுவீச்சில் வீடிழந்தோர்க்கும் சீட்டு வழங்கப்பட்டது. கார்டன் ரஸ்ஸல் தலைமையில் 1943ஆம் ஆண்டில் அமைந்த வடிவமைப்புக் குழுவில் துணிகளுக்குப் பொறுப்பேற்றவர் ஈனிட் மார்க்ஸ்.

அவர் கையில் கொடுக்கப்பட்டவை ஓரிரு வகைப் பருத்தி நூலும் நான்கு நிறங்களும்: செங்காவி, பச்சை, நீலம், சாயமிடாத நூலின் இயல்நிறம். அவ்வளவே. பூவேலை மிகச் சிறியதாக இருக்க வேண்டும் என்பது மற்றொரு கட்டளை. காரணம் எளியது. பெரிய பூ போட்ட துணியை நாற்காலிக்கு வெட்டும்போது பூ நடுவில் வர வேண்டும் என்பதற்காகச் சுற்றிலும் துணி வீணாகும். சிறுபூவாயின் எங்கே வெட்டினாலும் பொருந்தும், துண்டு வீணாகாது. இந்நெருக்கடியுள் நின்று ஏறத்தாழ 30 துணிகளை அவர் வடிவமைத்தார். தேனடை, வளையம், புள்ளியும் கோடும் என அவற்றின் பெயர்களே அவற்றின் எளிமையைக் காட்டும். கோட்டின் அகலத்தைச் சிறிது மாற்றியும் ஊட்டையும் பாவையும் இடம் மாற்றியும் நான்கு நிறத்தில் நாற்பது நிறத்தின் தோற்றத்தை அவர் கொணர்ந்தார்.

அந்நாளில் மக்கள் அனைவரும் இவற்றைப் புகழ்ந்தனர் என்று எழுதினால் அது உண்மையாகாது. யுடிலிட்டிப் பொருள்கள் வறட்சியானவை என்று முகஞ்சுளித்தோர் பலர். வண்ணமும் பகட்டும் மீண்டும் கிடைக்கத் தொடங்கியதும் பலரும் அவற்றை நாடினர். திட்டமும் 1952ஆம் ஆண்டில் முடிவுற்றது. எனினும் கூரை இடிந்து, உற்றாரை இழந்து, வாடகை அறையில் புதுவாழ்வு தொடங்கிய ஒரு குடும்பத்தின் ஒரே நாற்காலியில் அத்துணி இருந்தது. அக்குடும்பத்திற்கு ஏதோ ஒரு கோணியைப் போர்த்திக் கொடுத்திருக்கலாம்; கேட்பாரில்லை. அவ்வாறு கொடுக்கக்கூடாது என்று ஓர் அரசு எண்ணியதும், அதற்கு ஒரு கலைஞர் தம் முழுத்திறனையும் செலவிட்டதும் நம் நெஞ்சை விட்டு அகலாதவை. 1944ஆம் ஆண்டில் கலைக்கழகம் அவருக்குத் 'தொழில்துறை அரச வடிவமைப்பாளர்' என்னும் உயர்பட்டம் அளித்தது.

பெயரற்றோர் கலை

ஈனிட் மார்க்ஸின் வாழ்க்கைத்துணையாக விளங்கியவர் மார்கரட் லாம்பர்ட் என்னும் வரலாற்றறிஞர். இருவரும் ஊர் ஊராகச் சென்று எளிய மக்களின் கைப்பொருள்களைத் திரட்டினர். பீங்கான் நாய்கள், பொம்மைகள், காகித வாழ்த்து மடல்கள், வைக்கோற் பின்னல்கள், பழைய மரவெட்டுப் படங்கள் எனப் பிறர் குப்பையென ஒதுக்கியவை இவர்கள் இல்லத்தை நிறைத்தன. 1937ஆம் ஆண்டில் விக்டோரியா காலத்துப் பொருள்கள் பற்றி ஒரு நூலும், 1946, 1951 ஆகிய ஆண்டுகளில் ஆங்கில மக்கள்கலை பற்றி இரு நூல்களும் இருவர் பெயரிலும் வெளிவந்தன. நாட்டுப்புறப் பாடலைத் தொகுப்பதே தமிழாய்வாகுமா என்று நம் நாட்டில் ஒரு காலத்தில் கேட்டோர் உண்டு. அதனையொத்த ஏளனம் அங்கும் இருந்தது. இன்று அவ்விரு நூல்களையும் ஒதுக்கிவிட்டு இத்துறையில் எழுதுவது அரிது.

ஓய்ந்திருக்கும் இயல்பு அவரிடம் இல்லை. இரண்டாம் எலிசபெத் அரசியாரின் முதற்பொது அஞ்சல்தலைகள் 1952ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிவரத் தொடங்கியபோது, அரைப் பென்னி முதல் இரண்டு பென்னி வரையிலான தாழ்ந்த விலைத் தலைகளுக்குச் சட்டப் பூவேலை அமைத்தவர் இவரே. நடுவில் டாரதி வைல்டிங் எடுத்த அரசியாரின் ஒளிப்படம். சுற்றிலும் நான்கு நாட்டுக்குரிய மலரும் இலையும். நகத்தளவு இடத்தில் இத்தனையும் தெளிவாக நிற்க வேண்டும். மரக்கட்டையில் மயிரிழைக் கோடு பழகிய கைக்கு அது கடினமாக இருந்திராது. 1955 முதல் 1965 வரை கிராய்டன் கலைக்கல்லூரியில் உடை, நெசவு, மட்கலம் ஆகியவற்றின் துறைத் தலைவராகப் பணியாற்றினார். தேர்வில் தோற்றவர் தேர்வு நடத்தும் இடத்தில் அமர்ந்தார். 1976ஆம் ஆண்டின் கிறிஸ்துமஸ் அஞ்சல்தலைகளும் அவர் வடிவமைத்தவையே. இடைக்கால இங்கிலாந்தின் பூந்தையலை அவற்றுக்கு மூலமாகக் கொண்டார்.

இத்தனைக்கும் அவர் பெயர் பரவலாக அறியப்படவில்லை. ரவிலியஸ், பாடன் ஆகியோரின் பெயரோடு ஒரு தொடர்க்குறிப்பாகவே அவர் பலகாலம் எழுதப்பட்டு வந்தார். அவர் பெண்ணாக இருந்தமை ஒரு காரணம். அவர் படைத்தவை தேய்ந்து போகும் பொருள்களாக இருந்தமை மற்றொன்று. ஓவியத்தைச் சுவரில் மாட்டிக் காப்பர். இருக்கைத் துணி கிழிந்ததும் புதிது மாற்றுவர். அஞ்சல்தலையில் முத்திரை குத்திக் கூடையில் எறிவர்.

பிற்காலத்தில் வீட்டிலேயே சிறுகூடம் அமைத்துக்கொண்டு, தமக்குப் பெரிதும் விருப்பமான பூனைகளை லினோவிலும் மரத்திலும் செதுக்கி அச்சிட்டு வந்தார். தொண்ணூறு வயதைக் கடந்த பின்னும் அப்பணி நிற்கவில்லை. 1998ஆம் ஆண்டு மே 18ஆம் நாள் அவர் இயற்கை எய்தினார். 2018ஆம் ஆண்டில் இலண்டனின் விளக்கப்பட இல்லத்தில் அவர் படைப்புகள் ஒருசேரக் காட்சிக்கு வைக்கப்பட்டன. அவரும் லாம்பர்ட்டும் திரட்டிய மக்கள்கலைப் பொருள்கள் வாரிக்ஷயரில் உள்ள காம்ப்டன் வெர்னி கலைக்கூடத்தைச் சேர்ந்தன. அங்குள்ள பீங்கான் நாய்களிலும் வைக்கோற் பின்னல்களிலும் பெரும்பாலானவற்றுக்குச் செய்தவர் பெயர் இல்லை. திரட்டியவர் பெயர் மட்டும் உள்ளது.